லயத்து மின்சாரமும் ஒரு சின்ன பிரேக்கரும்

சென்ற ஆண்டு ஆனி மாதம், அப்பாவின் திதிக்காக ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அக்கா இன்னமும் நாங்கள் பிறந்து வளர்ந்த அதே லயத்தில்தான் இருக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் பிள்ளைகள் தலையெடுத்த பிறகு தகரம் போட்டு இழுத்த குசினி. தென்மேற்குப் பருவ மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. உறவினர் பதினைந்து பேர் அந்தச் சிறிய வீட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தோம். மின்கேத்தலில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்தது. பக்கத்தில் ரைஸ் குக்கரில் சோறு. திடீரென்று வீடு இருண்டது.

கதவுக்கு மேலேயிருந்த சிறிய பெட்டியில் பிரேக்கர் விழுந்திருந்தது. தூக்கிவிட்டோம். கால் மணி நேரத்தில் மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவையும் விழுந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் அனுபவஸ்தரின் குரலில் சொன்னார்: "அண்ணே, இது பத்து அம்பியர். அதான் தாங்க மாட்டேங்குது. டவுன்ல முப்பத்திரண்டு ஒன்னு வாங்கியாந்து மாட்டிவிட்டா அப்பறம் விழவே விழாது. நம்ம லயத்துல பாதி வீட்டுல அப்புடித்தான்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பத்திரிகையில் குப்பை கொட்டியவன், பேராதனையில் கலைப்பட்டம் பெற்றவன் என்ற தகுதிகள் இந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த நாள் காலை ஹட்டன் நகரத்துக்குப் போய் 32 அம்பியர் பிரேக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கென்று கடைக்காரர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறப் போன நேரத்தில், மேல் லயத்துப் பையன் ஒருவன் உள்ளே வந்தான். கொழும்பில் கட்டட வேலைத்தளங்களில் மின்னிணைப்பு வேலை செய்பவன். முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்றவன். திதிக்கு வந்த இடத்தில் என் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"மாமா, இத போட்டீங்கன்னா லைட்டு நல்லா எரியும். அப்பறம் ஒரு நாளைக்கி லயமும் எரியும்" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டேன். அன்று அவன் செய்த ஒரு மணி நேர வேலையையும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனதில் ஓடிய நூறு வருடக் கதையையும் எழுதிவைக்க வேண்டுமென்று அப்போதே நினைத்தேன்.

*

மலையகத்தில் மின்சாரம் புதிய பொருளல்ல. நாட்டின் மற்றப் பகுதிகள் விளக்கெண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் இருந்த காலத்திலேயே தோட்டங்களில் மின்சாரம் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலைகளை வெள்ளைக்காரத் துரைமார் ஓடைக்குப் பக்கத்தில் கட்டியதற்குக் காரணம் உண்டு. கொழுந்தை வாட்டவும் உருட்டவும் இயந்திரங்களைச் சுழற்றியாக வேண்டும். அதற்கு முதலில் நீர்ச்சக்கரம் வந்தது. பின்னர் சுழலி வந்தது. சுழலியோடு சிறிய மின்னாக்கியும் வந்து சேர்ந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் இப்படிப்பட்ட சிறு நீர்மின் நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இயங்கியிருக்கின்றன. தேசிய மின்கட்டமைப்பு மலிவான மின்சாரத்தோடு வந்த பிறகு, 1960களிலிருந்து அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. இன்றும் தோட்டங்களில் புதர்களுக்கிடையே துருப்பிடித்த பெரிய குழாய்களைக் காணலாம். சிறு வயதில் அவற்றின் மேல் நடந்துதான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.

அந்த மின்சாரம் தொழிற்சாலைக்குப் போனது. துரையின் பங்களாவுக்குப் போனது. சில தோட்டங்களில் கிளார்க்கர் வீட்டுக்கும் போனது. லயத்துக்கு மட்டும் வரவில்லை.

நுவரெலியா நகரத்துக்கு மின்சாரம் கிடைத்தது 1912இல், பிளக்பூல் என்ற இடத்தில் அமைந்த சிறு நீர்மின் நிலையத்திலிருந்து. அதை அமைத்தவர் டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர். 1874இல் காலியில் பிறந்த இவரை 'இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை' என்று சொல்வது வழக்கம். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையிலிருந்து விழும் வேகத்தைப் பார்த்து, இந்தத் தண்ணீரைக் கொண்டே நாட்டுக்கு விளக்கேற்றலாம் என்று கணக்குப் போட்டவர் அவர். 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் அந்தக் கணக்கைக் கட்டுரையாகப் படித்தார். ஆட்சியாளர்கள் அவசரப்படவில்லை. வேலை தொடங்குவதும் நிற்பதுமாகக் காலம் ஓடியது. லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். கட்டுரை படித்து 32 ஆண்டுகளுக்குப் பிறகு தம் கனவு ஒளிர்வதைக் கண்ட விமலசுரேந்திர, 1953இல் காலமானார்.

லக்ஷபான என்ற பெயருக்கு 'லட்சம் விளக்கு' என்று பொருள் சொல்வதுண்டு. பெயர்ப் பொருத்தம் பொய்க்கவில்லை. அதன் பிறகு அடுத்தடுத்துத் திட்டங்கள் வந்தன. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும் நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர பெயரிலான மின்நிலையமும் வந்தன. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கமும் பொல்பிட்டிய மின்நிலையமும். 1974இல் புதிய லக்ஷபான. 1983இல் கெனியன். பின்னர் 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம். நாட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் இந்த மலைகளிலிருந்து இறங்கிய மின்சாரத்தையே நம்பியிருந்தது.

மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது என்பதை இளைய வாசகர்களுக்காக இங்கே குறிப்பிட வேண்டும். கடைத்தெருவும் வழிபாட்டிடங்களும் தேயிலை மலைகளும் மூழ்கின. கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சங்கள் தலைகாட்டும். அதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். அந்த நீர்த்தேக்கத்தின் கரையைச் சுற்றியுள்ள லயங்களில் அப்போது எரிந்துகொண்டிருந்தது குப்பி லாம்பு.

*

ஏன் வரவில்லை என்று கேட்டால் 'தோட்டக் கம்பெனிகள் செலவழிக்க விரும்பவில்லை' என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழுக் கதையன்று.

ஒரு வீட்டுக்கு மின்னிணைப்பு வேண்டுமென்றால் விண்ணப்பிப்பவர் அந்த வீட்டோடு தமக்குள்ள உரிமையைக் காட்ட வேண்டும். லயத்தில் இருப்பவரிடம் என்ன இருக்கிறது? காணி தோட்டத்தினுடையது. கூரையும் சுவரும் தோட்டத்தினுடையவை. வேலை இருக்கும் வரைதான் காம்பரா. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணி இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. நாளை இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறவர் என்று கருதப்பட்ட ஒருவரின் வீட்டுக்கு யார் கம்பி இழுப்பார்கள்? 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. துரை மாறினார், கம்பெனிப் பலகை மாறியது. காம்பரா யாருடையது என்ற கேள்விக்கான பதில் மட்டும் மாறவில்லை. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல்தான்.

மின்சாரம் வேண்டியவர் அப்போது தோட்ட நிர்வாகத்திடம் சம்மதக் கடிதம் வாங்கியாக வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்துக்காகத் தோட்டத்து ஒப்பீசு வாசலில் அப்பா நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பிரட்டுக் களத்தில் நிற்பதைப் போலவே, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் லயத்துக்கு வெளிச்சம் வந்தது 1993இல், நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது. விடுமுறைக்கு வந்தவன், தூரத்து வளைவிலிருந்தே எங்கள் லயத்தில் மஞ்சள் விளக்குகளைக் கண்டு இது வேறு தோட்டமோ என்று தடுமாறினேன். அம்மா அன்று இரவு விளக்கை அணைக்க விடவில்லை. குப்பி லாம்பின் கரி படிந்த சுவரை அக்கா தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில்தான் அழுக்கு தெரிந்தது என்றார்.

ஆனால் அந்த வெளிச்சம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். இணைப்பும் மீற்றரும் லயத்தின் முதல் வீட்டுக்கு மட்டுமே. அங்கிருந்து கூரைக்குக் கீழே மெல்லிய கம்பி ஒன்று கடைசி வீடு வரை போனது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் தலைக்கு மேல் அதைச் சுரண்டி, இரண்டு குமிழுக்கு வேண்டியதைப் பிரித்துக்கொண்டார்கள். முறுக்கிய இடத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றப்பட்டது. நாடா கிடைக்காத இடத்தில் பொலித்தீன். மாதக் கடைசியில் பட்டியலை எல்லோருமாகப் பங்கிட்டுக் கட்டினார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு கடிதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துக்கொள்ள எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி அது. இரண்டு குமிழும் ஒரு வானொலிப் பெட்டியும் இருந்தவரை அந்தக் கம்பியும் தாங்கியது. பிற்பாடு தனித்தனி மீற்றர் வந்தது. தொலைக்காட்சி, ஸ்திரிக்கைப் பெட்டி, மின்கேத்தல், குளிர்சாதனப் பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் இருந்த கம்பி மட்டும் பல வீடுகளில் மாறவேயில்லை.

*

அந்தக் காலத்துப் பெட்டியில் பிரேக்கர் கிடையாது. பீங்கான் பியூஸ் கட்டைதான். மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் கட்டைக்குள் இருக்கும் மெல்லிய கம்பி உருகி அறுந்துபோகும். இணைப்பு நின்றுவிடும். சாவதற்கென்றே வைக்கப்பட்ட கம்பி அது. இந்த யோசனைக்குத் தோமஸ் எடிசன் 1880இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார். எளிய, மலிவான, நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு குறை, அறுந்ததை மாற்றிக் கட்டுவது வீட்டுக்காரரின் கையில் இருந்தது. 5 அம்பியர் கம்பி அடிக்கடி அறுகிறதென்று 15 அம்பியர் கம்பியைக் கட்டுவார்கள். அதுவும் இல்லாவிட்டால் பழைய வயரிலிருந்து செம்பு இழைகளை உருவி, மூன்று நான்காக முறுக்கிக் கட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பியூஸ் அறுவதேயில்லை. அதற்கு முன் வேறு ஏதாவது உருகும்.

பிரேக்கர் என்று நாம் சொல்லும் சின்ன ஆளியின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. மன்ஹைம் நகரத்தில் ஹூகோ ஸ்டொட்ஸ் என்பவரின் நிறுவனம் 1924இல் அதற்குக் காப்புரிமை பெற்றது. உருகி அழியும் கம்பிக்குப் பதிலாக, விழுந்து எழும் ஒரு விசை. அதற்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒருவர், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. மின்சாரம் கொஞ்சம் கூடுதலாக, நெடுநேரம் ஓடினால் அது சூடேறி வளைந்து விசையைத் தட்டிவிடும். மற்றவர் ஒரு மின்காந்தச் சுருள். கம்பியும் கம்பியும் தொட்டு மின்சாரம் பல மடங்கு பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். முன்னவர் நிதானி, பின்னவர் முன்கோபி. இருவரும் சேர்ந்து காப்பாற்றுவது எதை என்று கேட்டால், பலரும் 'வீட்டுப் பொருட்களை' என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர்கள் காப்பது சுவருக்குள் இருக்கும் கம்பியை. கம்பி எவ்வளவு தாங்குமோ அதற்கேற்ற பிரேக்கர்தான் அதற்கு முன் இருக்க வேண்டும். பிரேக்கரைப் பெரிதாக்கிவிட்டால் கம்பி பருத்துவிடாது.

மனிதரைக் காக்கும் கருவி வேறு. இலங்கையில் 'ட்ரிப் சுவிட்ச்' என்கிறோமே, அது. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கும். வித்தியாசம் வந்தால், எங்கோ ஒருவரின் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போகிறதென்று பொருள். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி அம்பியர் வித்தியாசத்திலேயே அறுக்கும் வகை. ஆளைக் கொல்ல அதைவிடச் சற்றுக் கூடுதலான மின்சாரமே போதும். 10 அம்பியர் பிரேக்கரோ அதைப்போல் 300 மடங்குக்கு மேல் போனால்தான் அசைந்துகொடுக்கும். ஆகவே பிரேக்கர் இருக்கிறதென்ற தைரியத்தில் ஈரக்கையோடு எதையும் தொடக்கூடாது.

இந்த ட்ரிப் சுவிட்ச்சின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் என்னை நெகிழ வைத்தது. தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்காக 1950களின் நடுவில் ஹென்ரி ரூபின் என்ற பொறியியலாளர் இத்தகைய கருவியை உருவாக்கினார். ஸ்டில்பொன்டெயின் என்ற சுரங்க ஊரில் வீட்டு மின்கருவி தாக்கி ஒரு பெண் இறந்துபோக, 1957, 58இல் அந்த ஊரின் சில நூறு வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். ஒரு மரணம், அடுத்து சில நூறு வீடுகளுக்குப் பாதுகாப்பு. நம் தோட்டங்களில் எத்தனை மரணங்களுக்குப் பிறகு எத்தனை வீடுகளுக்கு என்ன கிடைத்தது என்று எண்ணிப் பார்த்தேன்.

*

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வாக்குமூலம் தந்தாக வேண்டும்.

மலையகச் செய்திகளைத் தொகுப்பவனாக நான் பல ஆண்டுகள் இருந்தேன். லயன் குடியிருப்பில் தீ என்ற செய்தி வராத ஆண்டே கிடையாது. நிருபர் தொலைபேசியில் சொல்வார். எத்தனை வீடு, எத்தனை குடும்பம், எந்தப் பாடசாலையில் தங்கவைத்திருக்கிறார்கள், யார் பார்வையிட்டார்கள், எத்தனை நாளுக்கு உலர் உணவு. கடைசி வரி எப்போதும் ஒன்றே: 'மின்னொழுக்கு காரணமாகவே தீ ஏற்பட்டிருக்கலாமெனப் பொலிஸார் தெரிவிக்கின்றனர்.' அந்த வரியை நான் எத்தனை முறை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. மழை பெய்தது என்பதைப் போல, யாரும் பொறுப்பில்லாத ஓர் இயற்கைச் சம்பவமாக 'மின்னொழுக்கு' என்ற சொல்லை நாங்கள் ஆக்கிவிட்டோம். எந்த மின்னொழுக்கு? எத்தனை வருடத்துக் கம்பி? எத்தனை அம்பியர் பிரேக்கர்? ட்ரிப் சுவிட்ச் இருந்ததா? சோதனைச் சான்றிதழ் கொடுத்தது யார்? இவற்றில் ஒரு கேள்வியைக்கூட நான் கேட்கவில்லை. எங்கள் பத்திரிகைகளில் கேட்டவர் எவரும் எனக்கு நினைவில்லை.

1998இல் ஒரு தடவை நேரில் போனேன். இரவு பற்றிய தீ. லயங்களில் வீட்டுக்கு வீடு இடைச்சுவர் கூரை வரை எழும்பியிருப்பதில்லை. கூரைக்கடியில் கடைசி வீடு வரை ஒரே வெளி. விறகும் சாக்கும் அங்கேதான் அடுக்கியிருக்கும். முதல் வீட்டில் பிடித்தது கடைசி வீடு வரை ஓட அதிக நேரம் எடுக்காது. விடிந்தபோது சுவர்கள் மட்டும் நின்றன. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டி மட்டும் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டேயிருந்தார். நகையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். "தகரப் பெட்டிங்க தம்பி. புள்ளைங்க பேர் பதிஞ்ச கடுதாசியெல்லாம் அதுலதான் இருந்திச்சி" என்றார். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், அடையாள அட்டை. தாள் இல்லாததாலேயே இரண்டு தலைமுறை நாடற்றிருந்த ஒரு சமூகத்தில், தாள் எரிந்துபோவது என்றால் என்னவென்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றும் என் செய்தியின் கடைசி வரி அதே வரிதான்.

*

அக்கா வீட்டுக்குத் திரும்புகிறேன். அந்தப் பையன் உடனே பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் கேள்விகள் கேட்டான். எப்போது விழுந்தது, அப்போது எவையெல்லாம் ஓடின, விழுவதற்கு முன் வாடை வந்ததா? பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டான். மின்கேத்தல் 2000 வாட்ஸ், ரைஸ் குக்கர் 700. இரண்டையும் 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 11.7 அம்பியர். "பிரேக்கர் விழுந்தது பிழையில்ல மாமா, அது அதோட வேலைய செஞ்சிருக்கு" என்றான். குசினி கட்டியபோது தனிக் கம்பி இழுக்காமல், காம்பரா விளக்குக்குப் போகும் 1 சதுர மில்லிமீற்றர் கம்பியிலிருந்தே புளக்குக்கு எடுத்திருந்தார்கள். அதில் 32 அம்பியர் ஓட விட்டால்? கம்பியில் எழும் வெப்பம் மின்சாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பத்துக்குப் பதில் முப்பத்திரண்டு ஓடினால் வெப்பம் ஏறத்தாழ பத்து மடங்கு. பிரேக்கர் அசையாமல் நிற்க, தகரக் கூரைக்கடியில் கம்பியின் உறை உருகும்.

பகல் வெளிச்சத்திலேயே வேலையைத் தொடங்கினான். மின்கருவிகளையெல்லாம் கழற்றி வைத்தான். நல்ல காய்ந்த பலகையைப் போட்டு அதன் மேல் நின்றான். மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டு, யாரும் தவறிப் போட்டுவிடாமல் அக்காவின் மகனைப் பக்கத்திலேயே காவல் நிறுத்தினான். அதற்கு மேல் செய்தது எனக்குப் புதிது. மானியை எடுத்து, மின்சாரம் இருக்குமென்று நிச்சயமாகத் தெரிந்த பக்கத்து வீட்டுப் புளக்கில் சோதித்து அது வேலை செய்கிறதென்று உறுதிசெய்துகொண்டான். பிறகு நம் பெட்டியில் சோதித்தான். மறுபடி பக்கத்து வீட்டில் சோதித்தான். "மானி செத்திருந்தா வயரும் செத்திருக்கிற மாதிரிதான் காட்டும்" என்றான். மெயின் சுவிட்ச்சை அணைத்தாலும் அதற்கு மீற்றரிலிருந்து வரும் பக்கத்தில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும் என்பதையும் காட்டினான். அந்த முனைகளின் கிட்டவும் அவன் போகவில்லை. முத்திரையிட்ட மீற்றர் பெட்டி மின் வழங்குபவர்களுடையது, அதில் எவரும் கைவைக்கக் கூடாது என்றான்.

பிரேக்கரைக் கழற்றிக் காட்டினான். ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. முனையின் திருகாணி தளர்ந்து, அங்கே கம்பி கருகியிருந்தது. தளர்ந்த முனை தானே சூடேறும். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் தகடும் வளைந்து, சில வேளை குறைந்த மின்சாரத்திலேயே விழுத்திவிடும். ஆகவே பிரேக்கரை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பத்துக்குப் பத்துதான். ஹட்டனுக்கு ஆள் அனுப்பி அதே அளவில், அதே வகையில், தரமான ஒன்றை வாங்கச் சொன்னான். கருகிய துண்டை வெட்டியெறிந்து, புதிய செம்பு தெரியும்வரை கம்பியைச் சீவினான். பிரேக்கரைத் தண்டவாளத்தில் பொருத்தி, முனைகளை இறுக்கினான். ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தான். மூடியைப் பூட்டிய பிறகே மெயின் சுவிட்ச்சைப் போட்டான். கடைசியில் ட்ரிப் சுவிட்ச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினான். டக்கென்று விழுந்தது. அக்காவின் முகத்தில் அப்போதுதான் நிம்மதி.

"கேத்தலும் குக்கரும் ஒன்னா போடாதீங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து, குசினிக்கென்று 2.5 சதுர மில்லிமீற்றரில் தனிக் கம்பி இழுத்து, அதற்கென்று 16 அம்பியரில் தனிப் பிரேக்கர் வைத்துக் கொடுத்தான். கூலி வாங்க மறுத்துவிட்டான். வற்புறுத்தித் திணிக்க வேண்டியிருந்தது.

இதை வாசித்துவிட்டு நீங்களே திருப்புளியை எடுத்துக்கொண்டு ஏறிவிடாதீர்கள். அவன் படித்தவன், பழகியவன். நான் விவரமாக எழுதியது, உங்கள் வீட்டுக்கு வருபவர் இவற்றையெல்லாம் செய்கிறாரா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளத்தான். அளவு கேட்காமல் பெரிய பிரேக்கரை மாட்டப் போகிறவரைக் கண்டால், நாற்காலியை விட்டு இறக்கிவிடுங்கள்.

இரண்டு நூற்றாண்டு கடந்துவிட்டது, நாங்கள் இந்த மலைக்கு வந்து. 2010களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ நாடு முழுவதும் மின்சாரம் பெற்றுவிட்டதாகப் புள்ளிவிவரம் சொன்னது. அதில் எங்கள் லயமும் ஒரு புள்ளிதான். 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டங்களில் கட்டப்பட்ட புதிய வீடுகளுக்குப் போனவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் இன்னமும் அந்தக் கூரைக்கடியில்தான் இருக்கிறார்கள். தனிவீடு வரும்வரை பழைய கம்பி காத்திருக்காது. சம்பளத்துக்கும் காணிக்கும் மேடைபோடும் நம் தொழிற்சங்கங்களும் கட்சிகளும், லயங்களின் மின்னிணைப்பைத் தகுதியானவர்களைக் கொண்டு ஒரு தடவை முழுமையாகச் சோதிக்க வேண்டுமென்று கேட்டால் என்ன? ஒரு லயத்துக்கு ஒரு நாள் வேலை. கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்குக் கம்பி இழுக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் நம் தோட்டத்துப் பிள்ளைகள்.

வெளிநாடுகளிலிருந்து வாசிக்கும் மலையக உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் புதிய மின்கருவி வாங்கிக் கொடுக்கும்போது, அதைத் தாங்கும் கம்பி அங்கே இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்று வாங்கிய 32 அம்பியர் பிரேக்கரைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. 'மின்னொழுக்கு காரணமாக' என்று எழுதிய செய்தி கண்ணில் படும் நாட்களில் எடுத்துப் பார்ப்பேன். பிறகு அந்த நிருபரைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை அம்பியர் என்று கேட்பேன்.